வயலை விற்றுப் படிக்க வேண்டிய பாடமா பாதுகாப்பு?

உயர்தரப் பெறுபேறு வெளியான கையோடு கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மண்டபங்கள் நிரம்பிவிடுகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் முகவர்களும் கொழும்புத் தனியார் கல்வி நிறுவனங்களின் ஆட்களும் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கியல், கணினி, தாதியம் என்று இருந்த பதாகைகளில் பாதுகாப்புக் கற்கை, மூலோபாயக் கற்கை, புலனாய்வு, பயங்கரவாத எதிர்ப்பு என்ற பெயர்களும் இப்போது தென்படுகின்றன. அரசறிவியலில் ஏ எடுத்த பிள்ளை அந்த மேசையருகே நின்றுவிடுகிறது. பின்னால் நிற்கும் வாப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "இதப் படிச்சா என்ன உத்தியோகம் கிடைக்கும் சேர்?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் கொடுக்க வேண்டும். முதற் பட்டமாக, சொந்தப் பணத்தில், காணியை ஈடு வைத்து இந்தப் பாடத்தைப் படிப்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு. அதே நேரத்தில், இந்தத் துறை தெரிந்த ஆட்கள் எங்கள் கரையோரத்துக்கு அவசரமாகத் தேவைப்படுகிறார்கள். ஊரின் தேவை வேறு, ஒரு வீட்டின் கணக்கு வேறு. ஊர் முழுவதற்கும் பயன்படப்போகிற ஓர் அறிவுக்கு ஒரேயொரு வீடு தன் வயலை இழக்கும்படி விட்டிருப்பதில்தான் கோளாறு இருக்கிறது.

பிள்ளைகளின் ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. இன்று இருபது வயதில் இருப்பவர்கள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள்? 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்து விற்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு சொன்னது. அம்பாறைக்கு அடுத்த சில நாட்களிலேயே கண்டியில் திகன எரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, அக்கரைப்பற்றிலிருந்து அரை மணி நேரத் தூரத்திலுள்ள சாய்ந்தமருதில், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் குடும்பத்தவர்கள் பதுங்கியிருந்த வீட்டில் குண்டு வெடித்துச் சிறு பிள்ளைகளும் செத்துப்போனார்கள். அதன்பின் சோதனைச் சாவடி, வீடு வீடாகத் தேடுதல், அரபு எழுத்துள்ள புத்தகத்தைக் கண்டால் விசாரணை. 2020 மார்ச் இறுதியில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்கத் தொடங்கினார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், நிபுணர் குழு ஒன்றின் பெயரால் அது ஏறத்தாழ ஓர் ஆண்டு நீடித்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் மண் கிடைக்கும் வரை இந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகள் தூங்கவில்லை என்பதை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றிலும் தேசியப் பாதுகாப்பு என்றும் பொதுச் சுகாதாரம் என்றும் சொல்லித்தான் எங்களைப் பற்றிப் பேசினார்கள். பேசியவர்கள் நிபுணர்கள் என்று அழைக்கப்பட்டார்கள். அந்த நிபுணர்களின் மேசையில் எங்கள் பக்கத்திலிருந்து அதே கல்வித் தகுதியோடு உட்காரக்கூடியவர்கள் மிகச் சிலரே. இதைக் கண்ட பிள்ளை அந்த இடத்துக்குப் போக நினைப்பது நல்ல நினைப்பு.

உயிர்த்த ஞாயிறு பற்றி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று கொடுத்த தீர்ப்பைத் தமிழில் ஒவ்வொரு பள்ளிக்கூட நூலகத்திலும் வைக்கலாம் என்பது என் எண்ணம். 2019 ஏப்ரல் 4 முதல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அதற்கும் முன்பே, 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தி மோதலுக்குப் பிறகு, சஹ்ரான் பொலிஸ் தேடும் ஆளாக இருந்தார். அவருடைய பேச்சுக்கு எதிராக முறையிட்டவர்களில் அந்த ஊர் முஸ்லிம்களும் இருந்தார்கள். தகவல் இல்லாமல் நடந்த அழிவல்ல அது. தகவல் கிடைத்த கதிரைகள் அசையவில்லை. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், அப்போதைய பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவரும் தலா ஏழரைக் கோடி செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. பாதுகாப்பு என்பது துப்பாக்கி தூக்குகிறவர்களின் அந்தரங்க வித்தை என்று நம்பியிருந்த நாட்டில், அதைக் குடிமக்கள் கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம் என்று நிறுவிய தீர்ப்பு அது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்றுவதுதான் நல்லதொரு பாதுகாப்புக் கற்கையின் உண்மையான வேலை.

பாடத்தின் உள்ளடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர் ஏன் வருகிறது, அரசு எதை அச்சுறுத்தல் என்று வரையறுக்கிறது, புலனாய்வு எப்படி இயங்குகிறது, பயங்கரவாதம், எல்லை, கடல், இணையம், இவற்றுக்கான சட்டம். இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1962 இல் போரியல் துறை நிறுவப்பட்டபோது பார்வை பெரும்பாலும் படைகள் மீதே இருந்தது. 1994 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் தன் மனித அபிவிருத்தி அறிக்கையில் உணவு, சுகாதாரம், வருமானம், சூழல், சமூகம் ஆகியவற்றையும் மனிதப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அறிக்கைக்குப் பின்னால் நின்றவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக். 2001 செப்டெம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் பட்டங்கள் வரிசையாக முளைத்தன. எங்கள் பக்கம் 2019 க்குப் பிறகு இந்தப் பாடத்தின் மீது பிறந்திருக்கும் மோகமும் அதே வகைதான். பெரிய அழிவொன்று நடந்தால் அதைப் பற்றிய பட்டங்களுக்குக் கிராக்கி ஏறும். அதே வேகத்தில் வேலை ஏறுவதில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். இலங்கையில் சிவிலியன் ஒருவர் இந்தப் பாடத்தை முதற் பட்டமாகப் படிக்க முதலில் நினைவுக்கு வரும் இடம் இரத்மலானையிலுள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். முன்னாள் பிரதமர் கொத்தலாவல தன் கந்தவல வளவைக் கொடுத்ததால் 1980 களின் தொடக்கத்தில் படை அதிகாரிகளுக்கான கல்விக்கழகமாக உருவான அந்த இடம், 2007 இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. மூலோபாயக் கற்கையும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த பட்டத்தைக் கட்டணம் செலுத்தும் சிவிலியன்களும் அங்கு படிக்கலாம். முழுவதும் ஆங்கில மொழிமூலம். கட்டணத்தோடு கொழும்பில் தங்கும் செலவையும் சேர்க்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகத்துக்கான புதிய சட்டமூலத்தை எதிர்த்து 2021 இல் ஆசிரியர்களும் மாணவர்களும் வீதிக்கு இறங்கினார்கள். கன்னங்கரா தந்த இலவசக் கல்விக்குள் கட்டணமும் இராணுவ நிர்வாகமும் நுழைகின்றன என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும், அங்கு இடம் கிடைத்து, குடும்பத்தால் தாங்க முடிந்த பிள்ளையைப் போகாதே என்று சொல்ல மாட்டேன். நாளைய படை அதிகாரிகளோடு ஒரே வகுப்பில் எங்கள் பிள்ளையும் இருப்பதற்கு ஒரு பெறுமதி உண்டு.

பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணி என்றால் கணக்கு வேறு. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் பெரும்பாலும் 15,000 முதல் 25,000 பவுண் வரை. பெயர்பெற்ற இடங்களில் அதற்கும் மேல். விசாவுக்கு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவை வங்கியில் காட்ட வேண்டும். 2025 ஜனவரி விதிப்படி அது இலண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுணாக இருந்தது, ஆக 10,000 பவுணுக்கு மேல். சுகாதார வரி ஆண்டுக்கு 776 பவுண். பவுண் ஒன்று 400 ரூபாவை ஒட்டி நிற்கும்போது, விமானச் சீட்டுக்கு முன்பே தொகை ஒரு கோடியைத் தொட்டுவிடும். மாலைதீவிலோ கட்டாரிலோ உழைக்கும் ஒரு மகனின் எத்தனை வருட உழைப்பு அது என்று வீட்டுக்காரர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ஐத் தாண்டியபோது, வெளிநாட்டில் பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை மறந்துவிட வேண்டாம். வெளிநாட்டுக் காசில் செலுத்தும் கட்டணம் எங்கள் கையில் இல்லாத ஒன்று.

கொழும்புக் கணக்காளர் எவரும் எழுதாத ஒரு செலவு எங்கள் ஊரில் உண்டு. கிழக்குக் கரையோர முஸ்லிம் குடும்பத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. இரண்டு குமர் உள்ள வாப்பாவின் சேமிப்பு பிறந்த நாளிலிருந்தே சீமெந்துக்கும் கல்லுக்கும் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பணத்திலிருந்துதான் மகனின் மாஸ்டர்ஸ் படிப்புக்கு எடுக்க வேண்டும். அல்லது பெரும்போகம் செய்யும் இரண்டு ஏக்கரில் ஒன்றை விற்க வேண்டும். வட்டிக்கு எடுக்க மனம் ஒப்பாது. மகன் திரும்பி வந்து வேலையில்லாமல் இருந்தால் அதன் பாரம் தங்கையின் தலையில் விழும். இந்த வழக்கம் மாற வேண்டும் என்று நானும் வாதாடுகிறவன்தான். அது மாறும்வரை, ஒரு பட்டத்தின் விலையில் தங்கையின் வீட்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது, முகவர்கள் மேசையில் சொல்லாத விஷயம். பாதுகாப்புத் துறை வேலைகளில் பெரும்பகுதி குடியுரிமையோடு கட்டப்பட்டது. பிரித்தானியப் புலனாய்வு அமைப்புகளில் சேர அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். அமெரிக்காவில் இரகசியத் தகவலைக் கையாளும் அனுமதி அந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது, விதிவிலக்குகள் மிக அரிது. கணக்கியலோ தாதியமோ படித்தவர் படித்த நாட்டிலேயே வேலை தேடலாம். பாதுகாப்பு படித்த அக்கரைப்பற்றுப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் மையமான கதவுகள் அங்கு திறக்காது. படித்து முடித்தபின் தங்க அனுமதிக்கும் இரண்டு வருட விசாவையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். ஆக, ஒரு கோடி கொடுத்துப் படித்தவர் கடைசியில் சுப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை செய்து கடன் அடைக்கும் நிலைதான் மிஞ்சும். உழைப்பில் கேவலம் இல்லை, ஆனால் அதற்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை.

இங்கே நாட்டுக்குள்? புலனாய்வுப் பிரிவுகள் பொலிஸிலிருந்தும் படைகளிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. பட்டச் சான்றிதழோடு போய் விண்ணப்பம் கொடுக்கும் இடமல்ல அது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் மேல்நிலைப் பதவிகளில் ஓய்வுபெற்ற அதிகாரிகளே இருக்கிறார்கள். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் தோற்றலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் பெற்ற பட்டமும் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பட்டமும் அந்தப் பரீட்சை மண்டபத்தில் சமம். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெயர் தெரியாத இணையவழிக் கல்லூரிகளின் சான்றிதழ்களை இங்கு பலர் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன், வேதனையாக இருக்கிறது. வளைகுடாவில் தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரியாக வேண்டும் என்பவருக்கு நெபோஷ் சான்றிதழ் போதும். கணினிப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கணிதமும் நிரலாக்கமும் உள்ள பட்டம் வேண்டும். இந்த இரண்டும் வேறு பாதைகள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த அறிவுக்கு எங்கே பெறுமதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டில் ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, 10,000 பேருக்கு மேல். அடுத்த ஆண்டே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது. சுனாமிக்கு ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 2024 நவம்பர் 26 அன்று, நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் புரண்டது. வீடு திரும்ப ஆசைப்பட்ட பிள்ளைகள் ஜனாஸாவாக வந்தார்கள். மழை வரும் என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அந்த வீதியில் தண்ணீர் ஏறும் என்று ஊருக்கே தெரியும். எந்த மட்டத்தில் வீதியை மூடுவது, யார் மூடுவது, மத்ரசாவுக்கு யார் அறிவிப்பது என்ற சங்கிலி அறுந்து கிடந்தது. 2019 இல் கொழும்பில் அறுந்ததும் இதே சங்கிலிதான். எச்சரிக்கையைச் செயலாக மாற்றுகிற ஆள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், ஒவ்வொரு பெரிய பள்ளிவாசல் நிர்வாகத்திலும் வேண்டும். ஒலுவில் துறைமுகம் கட்டியபின் கரையைக் கடல் தின்றதும், யானை வயலுக்குள் இறங்குவதும், அக்கரைப்பற்றில் நுரைச்சோலை சுனாமி வீடுகள் ஆளில்லாமல் கிடந்ததும் இந்தப் பாடத்துக்குள் வரவேண்டிய கேள்விகள்தான்.

திகனக் கலவரத்தில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் மொழிகளில் வெறுப்புப் பேச்சை அடையாளம் காணப் போதிய ஆளில்லை என்பது அப்போது எழுந்த முக்கிய குற்றச்சாட்டு. இன்று இத்தகைய நிறுவனங்களும் தகவல் சரிபார்ப்புக் குழுக்களும் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்து, அதோடு இந்த நாட்டின் இன அரசியலையும் அறிந்தவர்களைத் தேடுகின்றன. வங்கிகளில் பணமோசடித் தடுப்பு, பயங்கரவாத நிதித் தடுப்பு விதிகளைப் பார்க்கும் பிரிவுகள் உண்டு. நீதிமன்றங்களிலும் இடம் உண்டு. நவரசம் என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதான அஹ்னாப் ஜசீமைப் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். மூன்றரை வருடம். தீவிரவாதம் எது, இலக்கியம் எது என்று தமிழில் வாசித்து, ஆதாரத்தோடு அறிக்கை எழுதி, சாட்சிக் கூண்டில் ஏறக்கூடிய கல்வியாளர்கள் பத்துப் பேர் இருந்திருந்தால் அந்த இளைஞனின் வாழ்க்கை இவ்வளவு காலம் முடங்கியிருக்குமா என்று நான் கேட்காத நாளில்லை.

எனவே என்னிடம் கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் பாதை இது. முதற் பட்டத்தை அரச பல்கலைக்கழகத்தில் எடுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யுத்தத்தால் வேறு வளாகங்களில் எங்கள் பிள்ளைகள் படிக்க முடியாமல் போன நாட்களில், 1995 இல், எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் எழுந்தது அது. பாதுகாப்பின்மையில் பிறந்த பல்கலைக்கழகம் பாதுகாப்பைப் பற்றிப் படிக்கவும் படிப்பிக்கவும் முழு உரிமை உடையது. அரசறிவியல், சமூகவியல், புவியியல், சட்டம் எதுவானாலும் சரி. அந்த நான்கு வருடத்தில் சிங்களத்தை, பத்திரிகை வாசித்து அறிக்கை எழுதும் அளவுக்குக் கற்றுவிடுங்கள். இதைவிட மலிவானதும் இதைவிடப் பலன் தருவதுமான முதலீடு எதையும் நான் அறியேன். சிங்களம் தெரியாத பாதுகாப்பு நிபுணரால் இந்த நாட்டில் ஒரு பொலிஸ் முறைப்பாட்டைக்கூட முழுமையாக வாசிக்க முடியாது. பிறகு இரண்டு மூன்று வருடம் வேலை: அனர்த்த முகாமைத்துவம், மனித உரிமை, சட்ட உதவி, பத்திரிகை, வங்கி. முதுமாணியை அதன்பின் பிறர் செலவில் படியுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஏறத்தாழ இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறது, முழுச் செலவையும் ஏற்கிறது, முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்கச் சொல்கிறது. எங்களுக்கும் அதுதானே வேண்டும். ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசில் உண்டு. இந்திய அரசு இலங்கையருக்கு முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, மூலோபாயக் கற்கைகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, இலண்டன் செலவில் சிறு பகுதிதான் ஆகும்.

பெண்பிள்ளைகளுக்கு இதை இரண்டு மடங்காகச் சொல்கிறேன். நாட்டின் கலைப்பீடங்களில் அவர்களே பெரும்பான்மை. அனர்த்த முகாமில் தாய்மாரிடம் பேசவும், காணாமல்போனவர்களின் மனைவிமாரிடம் வாக்குமூலம் எடுக்கவும், சிறைவைக்கப்பட்டவர்களின் வீட்டுக்குப் போகவும் அவர்களால் முடியும். ஆண் அதிகாரி வாசலோடு நின்றுவிடுவார்.

வீட்டு வாப்பாமாரிடம் சொல்வதை முடித்துவிட்டேன். இனிப் பேச வேண்டியது பள்ளிவாசல் சம்மேளனங்களிடமும், வர்த்தக சங்கங்களிடமும், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் எங்கள் ஊரவர்களிடமும். ஒவ்வொரு நெருக்கடியிலும் கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணியைத் தேடி ஓடுகிறோம். நெருக்கடி முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மினாரா உயர்த்த ஒரு வெள்ளிக்கிழமையில் சேர்கிற பணத்தில், முதுமாணிக்கு இடம் கிடைத்த ஒரு பிள்ளையின் பயணச் செலவும் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும் விசாச் செலவும் அடங்கிவிடும். இந்தச் சிறு தொகைகள் இல்லாததால் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்காமலே நின்றுபோகிறார்கள் பிள்ளைகள். ஸகாத்திலிருந்து கொடுக்கலாமா என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஸதகாவுக்கு அந்தத் தடையும் இல்லை. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை ஆகிய ஊர்கள் கூடி, ஆலையடிவேம்பு, காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்து, ஆண்டுக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்து இந்தத் துறைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்து ஐந்து வருடம் இந்த மாவட்டத்தில் வேலை செய்வதாக எழுதி வாங்குங்கள். இந்த ஆண்டு வெள்ளம் வருவதற்கு முன்பே முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள்.